உட்கூரை விளக்கும் உடைந்த ஜிப்சம் பலகையும்: அறிகுறியிலிருந்து பிழையைத் தேடும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியும் இருக்கும் நம் வீடுகளில், உட்கூரையை யாரும் நிதானமாக அண்ணாந்து பார்க்கும் காலம் தீபாவளிக்கு முந்திய சில வாரங்கள்தான். வெள்ளையடிக்க ஏணி போட்டு ஏறியவர், மஞ்சளித்துப்போன பழைய விளக்கையும் கையோடு கழற்றிப் புதிது மாட்டிவிடலாம் என்று நினைக்கிறார். கழற்றியதும், விளக்கின் அடித்தட்டு இத்தனை காலம் மறைத்து வைத்திருந்த உடைசல் தெரிகிறது. விரலால் தொட்டுப் பார்த்தால் ஒரு கைப்பிடிப் பலகை பொலபொலவென்று தலையில் உதிர்கிறது. அரை மணி நேர வேலையாகத் தொடங்கியது மூன்று நாள் வேலையாகிவிடுகிறது.

பதிவு பெற்ற மின்பணியாளராக இருந்த என் மாமாவுக்கு ஏணி பிடிக்கப் போய் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். சாட்ஸ்வொர்த், மியர்பேங்க் பகுதிகளில் உறவினர் வீடுகளில் இன்றும் செய்து வருகிறேன். இத்தனை வீடுகளிலும் நான் கண்டது ஒன்றுதான்: உட்கூரையின் கீழ்ப்பக்கத்தில் தெரியும் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் அதன் மேல்பக்கத்தில் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடாமல் கீழிருந்து பூசி மூடியவர்கள் ஓராண்டுக்குள் அதே இடத்தில் மறுபடியும் ஏணி போடுகிறார்கள். ஆகவே முதலில் தண்ணீர், அடுத்து மின்சாரம், அதற்கடுத்துப் பலகை, கடைசியில் பெயிண்ட் என்று சரிசெய்யும் வரிசையை மாற்றாமல், உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறி எதுவோ அதற்குரிய பகுதியைப் படியுங்கள். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது.

சுவிட்சை அணைத்த பிறகும் கம்பியில் மின்சாரம் இருக்கிறது

இது கோளாறு அன்று. பல வீடுகளில் கம்பி இழுத்திருக்கும் முறையே அப்படித்தான். சுவர் சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும், ஆனால் விளக்குப் புள்ளிக்கு வரும் மற்றக் கம்பிகளில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கலாம். எனவே டீபி போர்டில், அதாவது பிரேக்கர்கள் இருக்கும் மின்பகிர்வுப் பெட்டியில், விளக்குச் சுற்றுக்குரிய பிரேக்கரை இறக்க வேண்டும். எர்த் லீக்கேஜை மட்டும் இறக்கிவிட்டு ஏறுவது நம் ஊரில் மிகவும் ஆபத்தான பழக்கம். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் அந்தக் கருவி பல வீடுகளில் பிளக் புள்ளிகளை மட்டுமே காக்கிறது. விளக்குச் சுற்று அதற்கு வெளியே தனியாகப் போவதால், எர்த் லீக்கேஜ் இறங்கியிருக்கும்போதும் விளக்குக் கம்பி உயிரோடு இருக்கும். அதைத் தொட்டவரைக் காப்பாற்ற அங்கே எதுவும் இல்லை.

இன்னும் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. லோட் ஷெடிங் என்ற, அட்டவணை போட்டுச் செய்யும் மின்வெட்டு நேரத்தில் வீடே இருண்டு கிடக்கிறதே, இப்போது மாட்டிவிடலாம் என்று சிலர் ஏறுவார்கள். மின்சாரம் அட்டவணைக்கு முன்னதாகவே திரும்பி வரக்கூடும். நீங்கள் பிரேக்கரை இறக்காதிருந்தால் அது நேரே உங்கள் விரலுக்குத்தான் வரும். இரண்டாவது கண்ணி, 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வீட்டுக்கு வீடு பொருத்திய இன்வெர்ட்டர். பொருத்தியவர்கள் விளக்குச் சுற்றைப் பெரும்பாலும் இன்வெர்ட்டர் பக்கத்துக்கு மாற்றியிருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் மெயின் சுவிட்சையே இறக்கினாலும் பேட்டரி விளக்குக் கம்பிக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டரின் வெளியீட்டுப் பிரேக்கரையும் தேடி இறக்க வேண்டும்.

இறக்கிய பிரேக்கரின்மேல் "தொடாதே" என்று எழுதி ஒட்டுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் வாயாலும் சொல்லுங்கள். பிறகு இருமுனை டெஸ்டரை, மின்சாரம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். அடுத்து விளக்குப் புள்ளியில் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, லைவுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்துப் பாருங்கள். முடித்ததும் மறுபடி அந்த உறுதியான இடத்தில் வைத்துப் பாருங்கள். இந்த மூன்றாவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் டெஸ்டரின் பேட்டரி தீர்ந்திருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது அந்தப் படி மட்டுமே. கம்பியைத் தொடாமலே பீப் ஒலி எழுப்பும் பேனா டெஸ்டரை முதல் எச்சரிக்கைக்கு வைத்துக்கொள்ளலாம், தீர்ப்புக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

எது வரை நாமே செய்யலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருக்கும் புள்ளியில் இருக்கும் கம்பிக்கு ஒரு விளக்குக்குப் பதில் இன்னொரு விளக்கை மாட்டுவது பற்றியே இங்கே பேசுகிறேன். புதிய புள்ளி இழுப்பது, டீபி போர்டுக்குள் கை வைப்பது, சுற்றை மாற்றி அமைப்பது ஆகியவை பதிவு பெற்ற மின்பணியாளரின் வேலை; அவர் அதற்கு, வேலை விதிப்படி இருக்கிறது என்று காட்டும் சி.ஓ.சி. என்ற சான்றிதழைத் தர வேண்டும். வீட்டை விற்கும் நாளில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பழையதாகாத சான்றிதழ் கட்டாயம் என்பதால், மறைத்துச் செய்த வேலை அன்றைக்கு வெளியே வந்துவிடும்.

பலகை ஜிப்சம் போலத் தெரியவில்லை

வெட்டவோ தேய்க்கவோ தொடங்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள். இங்கே எல்லோரும் ரைனோ போர்டு என்று சொல்லும் ஜிப்சம் பலகையின் உடைந்த ஓரத்தில் இரண்டு காகிதத் தோலுக்கு நடுவே வெள்ளைச் சுண்ணம் போன்ற மாவு தெரியும். நகத்தால் கீறினால் பள்ளம் விழும். காகிதத் தோல் இல்லாமல், சாம்பல் நிறத்தில் கெட்டியாக, தட்டினால் ஓடு போலக் கணீரென்று ஒலிக்கும் பலகை சிமெண்ட் நார்ப் பலகையாகும். 1960களிலும் அதற்குப் பின்னும் கட்டிய வீடுகளில் அந்த நார் கல்நாராக, அதாவது ஆஸ்பெஸ்டாஸாக, இருக்க வாய்ப்பு உண்டு. தென்னாப்பிரிக்கா அதன் பயன்பாட்டைத் தடை செய்தது 2008இல்தான். கல்நார்ப் பலகை முழுதாக இருக்கும் வரை ஆளை ஒன்றும் செய்யாது. துளையிட்டு, அறுத்து, உப்புத்தாள் போட்டால் கிளம்பும் தூசி நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். சந்தேகம் இருந்தால் அந்தப் பலகையைத் தொடாமல் விட்டு, பரிசோதனைக்கும் அகற்றலுக்கும் அதற்கென்று பதிவு பெற்றவர்களை அழையுங்கள். இந்த ஓர் இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

விளக்கு சிமிட்டுகிறது, அல்லது புதிய பல்பு போட்டும் எரியவில்லை

முதலில் பல்பை வேறு புள்ளியில் போட்டுப் பாருங்கள். நம் வீடுகளில் ஊசி வைத்த பி22 தாங்கியும் மரை வைத்த இ27 தாங்கியும் கலந்தே இருக்கின்றன. பி22 தாங்கிக்குள் இருக்கும் இரண்டு சுருள்வில் ஊசிகள் ஆண்டுக்கணக்கான சூட்டில் தளர்ந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்போது பல்பு நன்றாக இருந்தும் தொடுகை கிடைக்காது. தாங்கியை மாற்றுவதே தீர்வு.

பல்பும் தாங்கியும் சரியாக இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துச் சோதித்துவிட்டு, விளக்கின் அடித்தட்டை இறக்கிக் கனெக்டரைப் பாருங்கள். திருகு தளர்ந்த இடத்தில் சூடு பிறந்து, பிளாஸ்டிக் பழுப்பாகி, கம்பியின் தோல் விறைத்து நொறுங்கத் தயாராக இருக்கும். கடற்காற்று அடிக்கும் இடங்களில் செம்பு பச்சையும் கறுப்புமாகப் பூத்துக் கிடக்கும். பளிச்சென்ற செம்பு தெரியும் வரை கம்பியை வெட்டிப் பின்னுக்குத் தள்ளி, புதிய கனெக்டரில் இறுக்குங்கள். இறுக்கியபின் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே இழுத்துப் பாருங்கள். கம்பி எட்டவில்லையென்றால் மூடியுள்ள பெட்டிக்குள் கனெக்டர் வைத்து நீட்டுங்கள். முறுக்கி டேப் சுற்றிக் கூரைக்குள் எறிந்த இணைப்பை எங்கே கண்டாலும் அகற்றிவிடுங்கள்.

டிம்மர் சுவிட்ச் உள்ள அறையில் சிமிட்டல் என்றால், எல்இடிக்குப் பொருந்தாத பழைய டிம்மர்தான் காரணமாக இருக்கும். வீடு முழுவதும் ஒரே நேரத்தில் சிமிட்டினால் அது உங்கள் விளக்கின் பிழை அன்று, உள்வரும் நியூட்ரல் தளர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். ஏணியை மடக்கிவிட்டு மின்பணியாளரை அன்றே கூப்பிடுங்கள்.

புதிய விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது; சுவிட்சைப் போட்டால் பிரேக்கர் விழுகிறது

எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் இதற்காகத்தான். சாட்ஸ்வொர்த்தில் என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொன்னால் தெளிவாகும். பெரியம்மாவின் மருமகன் பழைய விளக்கைக் கழற்றினார். சீலிங்கிலிருந்து மூன்று கேபிள்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு, தோலில்லாத ஒரு செம்புக் கம்பி. சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல் என்பது அவருக்குத் தெரியும். எனவே சிவப்புகள் மூன்றையும் ஒன்றாக்கி விளக்கின் லைவ் முனையிலும், கறுப்புகள் மூன்றையும் ஒன்றாக்கி நியூட்ரல் முனையிலும் மாட்டினார். பிரேக்கரை ஏற்றியதும் விளக்கு எரிந்தது, சுவிட்ச் அணைந்திருக்கும்போதே. அணைக்க எண்ணிச் சுவிட்சைத் தட்டினார். படாரென்று பிரேக்கர் விழுந்தது. மூன்று முறை ஏற்றினார், மூன்று முறையும் விழுந்தது. விளக்கில்தான் பிழை என்று கடைக்குப் போய் மாற்றி வாங்கி வந்தார். அதுவும் அப்படியே செய்தது.

பிழை நிறத்தை நம்பியதில் இருக்கிறது. அந்த மூன்று கேபிள்களில் ஒன்று மின்சாரத்தைக் கொண்டு வருகிறது, ஒன்று அடுத்த விளக்குக்குக் கொண்டு போகிறது, மூன்றாவது சுவிட்சுக்கு இறங்குகிறது. சுவிட்சுக்கு நியூட்ரல் தேவையில்லை. அதன் கேபிளில் சிவப்புக் கம்பி லைவைக் கீழே கொண்டு போகிறது. கறுப்புக் கம்பி சுவிட்சைக் கடந்த லைவை மேலே விளக்குக்குத் திருப்பிக் கொண்டு வருகிறது. ஆகவே அந்த ஒரு கறுப்பு, நிறத்தால் நியூட்ரல், வேலையால் லைவ். அதை மற்றக் கறுப்புகளோடு சேர்த்துவிட்டால் சுவிட்ச் என்பது லைவையும் நியூட்ரலையும் நேராக முட்டவைக்கும் பாலமாகிவிடுகிறது. போட்டதும் குறுக்குச் சுற்று ஏற்பட்டுப் பிரேக்கர் விழுகிறது. அணைத்திருக்கும்போது விளக்கு லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே நிரந்தரமாக எரிகிறது.

நான் போய்ப் பார்த்தபோது ஒரு கறுப்புக் கம்பியின் நுனியில் அரை விரல் நீளத்துக்குச் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. பல முறை வெள்ளையடித்ததில் டேப்பின்மேல் பெயிண்ட் படிந்து, கறுப்போ சிவப்போ தெரியாத ஒரு வெள்ளைக் கட்டியாகக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டிய பிறகுதான் உள்ளிருந்த சிவப்பு தெரிந்தது. முதலில் அந்த வீட்டுக்குக் கம்பி இழுத்தவர், பின்னால் வருபவருக்காக அடையாளம் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

எனவே பழைய விளக்கைக் கழற்றுமுன் கைப்பேசியில் நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் அது எந்த முனையிலிருந்து வந்தது என்று எழுதிய துண்டு டேப்பை ஒட்டுங்கள். ஏற்கெனவே கழற்றிவிட்டீர்கள் என்றால், பிரேக்கர் இறங்கியிருப்பதையும் கம்பிகள் செத்திருப்பதையும் உறுதி செய்துகொண்டு, எல்லாக் கம்பிகளையும் பிரித்து விடுங்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒவ்வொரு கேபிளின் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே வையுங்கள். இன்னொருவரைச் சுவிட்சைப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். சுவிட்சோடு சேர்ந்து எந்த இணை மாறுகிறதோ அதுவே சுவிட்ச் கேபிள். வேறு அறைகளில் இருக்கும் பொருள்கள் வழியாகவும் மீட்டர் ஏதாவது எண்ணைக் காட்டலாம். நீங்கள் தேடுவது மாற்றத்தை மட்டுமே. பிறகு மூன்று சிவப்புகளையும் தமக்குள் சேர்த்துத் தனிக் கனெக்டரில் மூடிவிடுங்கள். அது விளக்குக்குப் போகாது. சுவிட்ச் கேபிளின் கறுப்பு விளக்கின் லைவ் முனைக்கும், மற்ற இரண்டு கறுப்புகள் நியூட்ரல் முனைக்கும், செம்புக் கம்பிகள் எர்த் முனைக்கும் போக வேண்டும். புதிய விளக்கிலிருந்து வரும் கம்பிகள் பழுப்பும் நீலமுமாக இருக்கும். பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். சுவிட்ச் கறுப்பின் நுனியில் புதிதாகச் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள்.

எர்த் கம்பியே வராத பழைய புள்ளியில் உலோக விளக்கை மாட்டக் கூடாது. பெட்டியின்மேல் சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி உள்ள, இரட்டைக் காப்பிட்ட விளக்கை வாங்குங்கள்.

அணைத்த பின்னும் எல்இடி மங்கலாக எரிகிறது

சுவிட்சுக்குள் சின்ன நியான் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டமே எல்இடிக்குப் போதும். அந்தச் சுவிட்சை மாற்றினால் தீரும். மாடிப்படியில் இரண்டு இடத்திலிருந்து இயங்கும் விளக்கு என்றால், நீளமாகச் சேர்ந்தோடும் கம்பிகளின் இடையே தூண்டப்படும் மின்னழுத்தம் காரணமாகலாம். வேறு ரக எல்இடி போட்டுப் பாருங்கள். மூன்றாவது காரணம் கவனிக்க வேண்டியது: யாரோ சுவிட்சை லைவில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருக்கலாம். அப்படியானால் அணைத்த விளக்கிலும் லைவ் நிற்கிறது. இதை மின்பணியாளர் பார்த்துத் திருத்த வேண்டும்.

மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போதெல்லாம் விளக்கு செத்துவிடுகிறது

பகுதி முழுவதும் ஒரே கணத்தில் மின்சாரம் ஏறும்போது வரும் உயர்வழுத்தத்தை எல்இடிக்குள் இருக்கும் சிறு மின்சுற்று தாங்குவதில்லை. ஒரு பல்பு செத்தால் பல்பு; நான்கு மாதத்தில் ஐந்து செத்தால் உயர்வழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரை டீபி போர்டில் வைக்க மின்பணியாளரிடம் சொல்லுங்கள். பல்பு குழிவான மூடிய கூட்டுக்குள் இருந்தாலோ, சீலிங்குக்குள் பதித்த டவுன்லைட்டின்மேல் கண்ணாடி இழைக் காப்பு நேராகப் படுத்திருந்தாலோ சூட்டினாலும் சாகும். விளக்கைச் செய்தவர் சொல்லும் இடைவெளி அளவுக்குக் காப்பை விலக்கி வையுங்கள்.

விளக்கு தொங்குகிறது, அடித்தட்டுக்கும் சீலிங்குக்கும் இடையே சந்து விழுகிறது

திருகாணி பலகையை மட்டுமே பிடித்திருக்கிறது. நம் வீடுகளில் உட்கூரைக்கு வழக்கமாகப் போட்டிருப்பது 6.4 மி.மீ. பலகை, அதில் திருகு நிற்காது. பலகைக்கு மேலே 38 மி.மீ. சதுரமான மரச் சட்டங்கள் ஏறத்தாழ 400 முதல் 450 மி.மீ. இடைவெளியில் ஓடும், பிராண்டரிங் என்று மரக்கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் பொள்ளென்ற ஒலி இறுகும் இடத்தில் சட்டம் இருக்கிறது. ஆணித்தலைகளின் வரிசையும் வழிகாட்டும். சட்டம் தேவையான இடத்தில் இல்லையென்றால், கூரைக்குள் ஏறி இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு குறுக்குத் துண்டை அடித்து, விளக்கை அதில் திருகுங்கள். கூரைக்குள் நடக்கும்போது சட்டங்களின்மேல் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் மட்டும் காலை வையுங்கள். விளக்குக்குப் பதில் சீலிங் ஃபேன் மாட்ட நினைப்பவர்கள், இந்தக் குறுக்குத் துண்டையும் நம்பாமல் கூரையின் கனமான மரத்திலிருந்து பிடிமானம் எடுக்க வேண்டும்.

புதிய விளக்கின் அடித்தட்டு பழைய ஓட்டையை மறைக்கவில்லை

ஒட்டுப்போடுவதற்கு முன் ஒரு கேள்வி: இன்னும் 5 செ.மீ. அகலமான அடித்தட்டுள்ள விளக்கு கிடைக்காதா? கிடைத்தால், ஓட்டையைச் சுற்றியுள்ள பலகை உறுதியாக இருக்கும் பட்சத்தில், அதுவே நல்ல தீர்வு. அதில் எந்தக் குறைவும் இல்லை.

கிடைக்கவில்லையென்றால் முதலில் உடைந்த ஓரத்தின் தடிப்பை அளந்து பாருங்கள். 6.4 மி.மீ. சீலிங்கில் 9 மி.மீ. துண்டைப் பொருத்திவிட்டு, உயர்ந்து நிற்கும் விளிம்பைக் கலவையால் மறைக்கப் போராடுவது பலரும் செய்யும் தவறு. கடையில் முழுப் பலகைதான் கிடைக்கும் என்றால், வேலை நடக்கும் வீடுகளில் வெட்டு மிச்சம் கேளுங்கள், கொடுப்பார்கள். ஓட்டைக்குள் டார்ச் அடித்து, கம்பியோ தண்ணீர்க் குழாயோ குறுக்கே ஓடவில்லை என்று பார்த்தபின், நொறுங்கிய பகுதி முழுவதும் உள்ளடங்குமாறு ஒரு சதுரத்தைப் பென்சிலால் வரைந்து சிறிய கைவாளால் அறுங்கள். வட்ட ஓட்டைக்கு வட்டத் துண்டு செதுக்குவதைவிட ஓட்டையையே சதுரமாக்குவது எளிது. மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் அறுக்க வேண்டாம். தூசி நேராகக் கண்ணில்தான் விழும்.

சதுரத்தைவிட இரு பக்கமும் 50 மி.மீ. நீண்ட இரண்டு மரத்துண்டுகளை ஓட்டைக்குள் நுழைத்து, எதிரெதிர் ஓரங்களில் பாதி உள்ளேயும் பாதி வெளியே தெரியும்படியும் வைத்து, பழைய பலகையின் கீழிருந்து 25 மி.மீ. டிரைவால் திருகாணியால் பிடியுங்கள். திருகாணித் தலை காகிதத்தைக் கிழிக்காமல், அதை லேசாக அமுக்கி மட்டும் உட்கார வேண்டும். காகிதம் கிழிந்தால் அந்தத் திருகு எதையும் தாங்காது, பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். புதிய துண்டைச் சுற்றிலும் 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டி, அந்த மரத்துண்டுகளில் திருகுங்கள். இறுக்கமாக அடித்து நுழைத்த துண்டின் ஓரம் பின்னால் விரிசல் விடும்.

இனிப் பட்டி பார்க்கும் வேலை. நீர் கலந்து குழைத்தால் தானாக இறுகும் ஜிப்சம் கலவையால் இடைவெளியை நிரப்பி, அதன்மேல் வலை டேப்பை ஒட்டி, டேப்பின் கண்களுக்குள் கலவை புகுமாறு பட்டித்தகட்டால் அழுத்தி இழுங்கள். முதல் பூச்சு டேப்பை மூடினால் போதும். காய்ந்ததும் இரண்டாவது பூச்சு இணைப்புக்கு இருபுறமும் சேர்த்து 200 மி.மீ. அகலம், மூன்றாவது 300 மி.மீ., ஓரத்தில் ஒன்றுமில்லாமல் தேய்ந்துபோக வேண்டும். தடிப்பாக ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் அது சுருங்கி வெடிக்கும். வாளியில் குழைத்தே வரும் கலவை நீர் ஆவியாகித்தான் காய்கிறது. பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில், டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தை நம்ப முடியாது. திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம் தெரிகிற வரை அது ஈரம், முழுவதும் ஒரே வெண்மையானபின்தான் உலர்வு. கடைசியில் 150 எண் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி வட்டமாகத் தேயுங்கள். கையால் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாகும்.

ஆணித்தலைகள் புடைத்துக்கொண்டு வருகின்றன. சரிசெய்த விரிசல் திரும்பி வருகிறது

புடைத்த ஆணியைச் சுத்தியால் உள்ளே அடிக்காதீர்கள். பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் கூரை மரம் அதை மறுபடி வெளியே தள்ளும். அதிலிருந்து 4 செ.மீ. தள்ளி, சட்டத்தில் இறங்குமாறு ஒரு திருகாணி போட்டுப் பலகையை மேலே இழுத்த பிறகு, ஆணியைப் பிடுங்கிவிட்டுப் பட்டி பாருங்கள்.

இரண்டு பலகைகள் சேரும் கோட்டிலேயே விரிசல் திரும்பினால், அங்கே டேப் இல்லை அல்லது அடியில் கலவை இல்லாமல் டேப் மட்டும் ஒட்டியிருக்கிறது. உப்பிய டேப்பைக் கத்தியால் கீறி எடுத்துவிட்டு, அடியில் கலவை பூசி, அதன்மேல் காகித டேப்பைப் பதித்து, புதிதாகத் தொடங்குங்கள். ஓயாமல் அசையும் பழைய கூரை என்றால் பட்டியைக் கைவிட்டு, மெல்லிய மூடுபட்டையை அந்தக் கோட்டின்மேல் அடித்துவிடுவது மேல். அசைவை அது மறைத்துத் தாங்கும்.

விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையக் கறை

இது தண்ணீர். விளக்கைப் போடாமல் பிரேக்கரை இறக்குங்கள். பலகை வயிறு போலத் தொங்கினால், வாளியை வைத்துக்கொண்டு தாழ்ந்த இடத்தில் திருப்புளியால் ஒரு துளை போட்டுத் தண்ணீரை இறக்கிவிடுங்கள். இல்லையேல் மொத்தப் பலகையும் விழும்.

மழையா கீசரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் கீசர் பெரும்பாலும் கூரைக்குள்ளேயே படுத்திருக்கிறது. மழை பெய்த மறுநாள் கறை விரிந்தால் ஓடு அல்லது தகரம். பத்து நாள் வெயிலிலும் விரிந்தால் கீசரோ குழாயோ. கீசரின் அடியில் இருக்கும் தட்டிலிருந்து வெளியே வரும் குழாயில் சொட்டுகிறதா, அல்லது அந்தக் குழாய் அடைத்துத் தட்டே நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். நீர் மின்குழாய் வழியாகவே ஓடி விளக்குப் புள்ளியில் இறங்கும் என்பதால், ஒழுகும் இடம் கறைக்கு நேர் மேலே இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது நனைந்த பல உட்கூரைகளை அடுத்த சில மாதங்கள் நான் கழற்றினேன். ஒரு முறை நனைந்து வளைந்த ஜிப்சம் பலகை காய்ந்தபின் நேராகவே இல்லை. அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கியது, மேல்பக்கக் காகிதத்தில் கறுப்புப் பூஞ்சை பிடித்திருந்தது. வளையாமல் உறுதியாக இருக்கும் பலகையை மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். அதையும் முழுதாகக் காயவிட்டு, கறையின்மேல் எண்ணெய் அடிப்படையிலான கறைத்தடுப்புப் பிரைமரை அடியுங்கள். சாதாரண பிவிஏ பெயிண்டை எத்தனை முறை அடித்தாலும், அதில் உள்ள நீர் கறையைக் கரைத்து மறுபடி மேலே இழுத்துவிடும்.

பெயிண்ட் அடித்ததும் ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறது

மங்கலான திட்டாகத் தெரிந்தால் பட்டி பெயிண்டை அதிகம் உறிஞ்சியிருக்கிறது. பிளாஸ்டர் பிரைமர் அடித்துவிட்டுச் சீலிங் முழுவதற்கும் மறுபடி பெயிண்ட் ஓட்ட வேண்டும், திட்டுக்கு மட்டும் தொட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். மேடாகத் தெரிந்தால் ஓரம் சரியாகத் தேயவில்லை. இதை முன்கூட்டியே பிடிக்க முடியும்: பிரைமருக்கு முன், இரவில் அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சீலிங்கோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் கண்ணாடி போலத் தெரிந்த பட்டியில் ஒவ்வொரு தகட்டு வரியும் நிழல் விழுந்து எழும். சீலிங்கை ஒட்டி உட்காரும் தட்டை எல்இடி விளக்கும் இதே கோணத்தில்தான் வெளிச்சம் வீசும். நிழல் விழும் இடங்களைப் பென்சிலால் சுழித்து வைத்து, மறுநாள் அவற்றை மட்டும் தேயுங்கள்.

சாமியறைச் சீலிங்கில் கறுப்பு திரும்பத் திரும்ப வருகிறது

இது தண்ணீர்க் கறை அன்று. குத்துவிளக்கின் எண்ணெய்ப் புகையும் கற்பூரக் கரியும் சேர்ந்தது. தொட்டால் விரலில் பிசுக்காக ஒட்டும். பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் பிழிந்த துணியால், காகிதம் ஊறாத அளவுக்கு லேசாகத் துடைத்து, காயவைத்து, மேலே சொன்ன கறைத்தடுப்புப் பிரைமரை இரண்டு பூச்சு அடித்த பிறகே வெள்ளை அடியுங்கள். அந்த அறையின் விளக்கைக் கழற்றும்போது தாங்கிக்குள்ளும் அதே பிசுக்கு படிந்திருக்கும். அதைத் துடைத்துக்கொண்டிராமல் தாங்கியை மாற்றிவிடுங்கள். புதிய விளக்கை, குத்துவிளக்குச் சுடருக்கு நேர் மேலே வராமல் ஒரு முழம் தள்ளியுள்ள சட்டத்தில் வைக்க விரும்பினால், புள்ளியை நகர்த்துவது கம்பி வேலை என்பதால் மின்பணியாளரிடம் விடுங்கள். அதைவிட எளிது, குத்துவிளக்கை ஒரு முழம் தள்ளி வைப்பது.